நாலாவது வாய்க்கால்

மே 7

வலது பக்க மேல் கடைவாய்ப்பல் மறுபடியும் வேலையைக் காட்டுகிறது. இத்தனைக்கும் அதற்கு நரம்பே கிடையாது. ரெண்டு வருஷம் முன்பு நம்ம ஊர்ப் பல் டாக்டர் நரம்பை எடுத்து, வேரில் என்னமோ அடைத்து, மேலே ஒரு தொப்பியும் மாட்டி, "இனிமே இந்தப் பல்லை நீங்க மறந்துடலாம்" என்றார். நானும் மறக்கத்தான் பார்த்தேன். கரண்ட்டைத் துண்டித்த வீட்டில் லைட் எரிகிற மாதிரி, நரம்பு எடுத்த பல் வலிக்கிறது.

சிமென்ட் கடைக்காரர் கொடுத்த இந்த டைரி தை மாசத்திலிருந்து சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரி மங்கைதான் எடுத்து நீட்டினாள். "எப்ப வலிக்குது, எப்ப நிக்குதுன்னு எழுதி வைங்க. டாக்டர் கேட்டா திருதிருன்னு முழிக்காதீங்க." பொதுப்பணித்துறையில் சேர்ந்த நாளிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் மட்டம் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு இது ஒரு பெரிய வேலையா. எழுதுகிறேன். இன்று: மென்றால் வலி. சும்மா இருந்தால் கனம். டாக்டரிடம் போகிற அளவுக்கு இல்லை.

மே 9

தூர் வாரும் வேலை முடியப்போகிறது. அடுத்த மாசம் மேட்டூர் திறந்து தண்ணீர் இறங்குவதற்குள் என் பிரிவில் எல்லா வாய்க்காலும் சுத்தமாக இருக்க வேண்டும். இருக்கிறது.

ஆலங்கோட்டகத்திலிருந்து செந்தாமரை என்கிற அம்மா வந்திருந்தார். கடைமடைக்காரர், வாய்க்காலின் கடைசிக் கோடியில் வயல். புருஷன் இல்லை, வயலைத் தானே பார்க்கிறார். வருஷா வருஷம் வந்து ஒரே பாட்டுத்தான் பாடுவார்: மதகிலிருந்து மூன்று வாய்க்கால் பிரிகிறது, மூன்றிலும் தண்ணீர் ஓடுகிறது, என் வயலுக்கு மட்டும் ஏறமாட்டேன் என்கிறது.

"மூணையும் வாரியாச்சும்மா. போட்டோ இருக்கு, பாருங்க. தண்ணி வராம இருக்க வாய்ப்பே இல்ல."

போட்டோவை நிதானமாகப் பார்த்தார். "போட்டோவுல நல்லாத்தாங்க இருக்கு. வயல்ல இல்லீங்களே."

போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டதாம். இந்த வருஷமும் சம்பாவுக்கு ஆற்றுத் தண்ணீர் ஏறவில்லை என்றால், கூட்டுப் பட்டாவில் பேர் உள்ள கொழுந்தனார் நிலத்தை இறால் குட்டைக்கு விட்டுவிடப் போகிறாராம். ஆடி வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டாராம். "குட்டை வெட்டிட்டா அப்புறம் அது எந்தக் காலத்துக்கும் நெல்லு வயலு ஆவாதுங்க சார்" என்றார். உண்மைதான். நான் என்ன செய்ய? அந்த அம்மா வயல் கொஞ்சம் மேடு. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பல் வலியில் கொஞ்சம் சுள்ளென்று பேசியிருப்பேன்.

மே 10

கிராம்பு வைத்தேன். நாக்குதான் வெந்தது.

மே 13

கன்னம் லேசாக வீங்கியதால் மங்கை என்னை இழுத்துக்கொண்டு போனாள். இழுத்துக்கொண்டு என்றால் நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்ததாக அர்த்தம் இல்லை. ஷர்ட் இஸ்திரி போடக் கொடுத்திருந்தேன், அது வரட்டும் என்று இருந்தேன்.

நம்ம ஊர் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "மூணு கெனாலும் அழகா அடைச்சிருக்கு சார். நீங்களே பாருங்க. வலிக்க வாய்ப்பே இல்ல."

"எக்ஸ்ரேல நல்லாத்தான் இருக்கு. வாயில இல்லையே" என்றேன்.

சொன்ன பிறகு, இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. வீடு வரும் வரை யோசித்தேன், பிடிபடவில்லை.

அவர் நல்லவர்தான். ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். "சிலருக்கு இப்படி இருக்கும், மனசுலயும் கொஞ்சம் இருக்கும். ரொம்பத் தொந்தரவுன்னா பிடுங்கிடலாம்" என்றார். பிடுங்குவது என்றதும் மங்கைக்குக் கண் கவலை வந்துவிட்டது. மேல் பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடுமாம். அவளுடைய பெரியப்பாவுக்குப் போனதாம். அவருக்கு எண்பது வயசில் பிடுங்கினார்கள். எண்பதில் எது போகாமல் இருக்கும் என்று கேட்டேன். அன்று சாயங்காலம் காபி வரவில்லை.

வலது பக்கம் கீழே ஏற்கனவே ரெண்டு பல் இல்லை. இதுவும் போனால் அந்தப் பக்கம் மெல்லுவதை மறந்துவிட வேண்டியதுதான். பட்டாணி, முறுக்கு, அவள் செய்யும் சீடை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலை முழுகலாம்.

மே 15

தஞ்சாவூரில் வேர் சிகிச்சைக்கென்றே ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார், போங்க என்று ஆபீஸில் சொன்னார்கள். மங்கை போன் போட்டு நேரம் வாங்கிவிட்டாள். அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரலாம் என்றேன். "வர்றவங்களை நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றாள்.

மே 18

தஞ்சாவூர். ஸ்பெஷலிஸ்ட் என்றதும் நரைத்த தலை, தடிக் கண்ணாடி என்று எதிர்பார்த்துப் போனேன். டாக்டர் ரிஸ்வானா என் பெண் வயசு. ஒடிசலான உருவம், காலில் கேன்வாஸ் ஷூ. கூத்தாநல்லூர்க்காரர், டெல்டாப் பேச்சு மாறவில்லை.

நான் உட்கார்ந்ததும் வாயைத் திறந்துவிட்டேன். "மூடிக்குங்க சார், அப்புறம் பாக்கலாம். எப்படி வலிக்குதுன்னு முதல்ல சொல்லுங்க" என்றார். டைரியை எடுத்து வாசித்தேன். (ஆலங்கோட்டகம், மங்கையின் பெரியப்பா இதையெல்லாம் விட்டுவிட்டுத்தான்.) குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முழுசாகக் கேட்டார். மனசிலும் கொஞ்சம் இருக்கும் என்று சொன்னார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நீங்க வலிக்குதுன்னா வலிக்குது சார். அது எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ரெண்டு வருஷமாக என்னை நானே நம்பாமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். இடது பக்கத்து நல்ல பல்லில் ஆரம்பித்தார். வலி இந்தப் பக்கம்மா என்றேன். "நல்ல பல்லு எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே சார் கெட்டதைக் கண்டுபிடிக்க முடியும்" என்றார்.

என் பெரிய கேள்வியைக் கேட்டேன். நரம்பே இல்லாத பல் எப்படி வலிக்கும்? ஒரு தாளில் பல்லை வரைந்தார். உள்ளே நரம்பு இருந்த குழாய் ஒவ்வொன்றையும் சுத்தம் பண்ணி அடைக்க வேண்டும். ஏதாவது ஒன்று விட்டுப்போனால் அதில் கிருமி குடியேறும். வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். "உங்களுக்கு வலிக்கிறது பல் இல்ல சார். பல்லைச் சுத்தி இருக்கிற எலும்பும் சவ்வும். அதுக்கெல்லாம் நரம்பு இருக்கு."

முப்பது வினாடியில் விளங்கிவிட்டது. வேர் சிகிச்சை என்றால் வேரைப் பிடுங்குவது என்று நான் இவ்வளவு நாளாக நினைத்திருந்ததைச் சொல்லவில்லை.

"அந்தக் குழாய்க்குத்தான் கெனால்னு பேரு" என்றார்.

"நானும் கெனால்காரன்தான்மா. பொதுப்பணித்துறை."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம் சார். தூர் வாரி, கழுவி, கடைமடை வரைக்கும் அடைக்கிறோம். அவ்வளவுதான்."

"நாங்க தண்ணி போகணும்னு வாருறோம். நீங்க ஒண்ணும் போகக் கூடாதுன்னு வாருறீங்க" என்றேன். சத்தமாகச் சிரித்தார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மூன்று வேரில் முன்பக்கத்து வேர் நுனியில் ஒரு கறுப்புத் திட்டு. அந்த வேரில் ரெண்டு கெனால் இருக்கலாம், நிறையப் பேருக்கு இருக்கும், ரெண்டாவது மயிரிழை மாதிரி ஒளிந்து கிடக்கும் என்றார். முந்தைய டாக்டரைக் குறை சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். சொல்லவில்லை. "அவர் மூணையும் சுத்தமாத்தான் செஞ்சிருக்கார். நாலாவது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் கிடைக்காமப் போகலாம் சார், அதையும் சொல்லிடறேன். கிடைக்கலன்னா பல்லை எடுக்க வேண்டி வரும்."

கிடைக்காமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லும் ஸ்பெஷலிஸ்ட்டை நான் எந்தத் துறையிலும் பார்த்ததில்லை.

மங்கைக்காகக் கண் விஷயத்தையும் கேட்டேன். "பல்லு போற வயசுலதான் சார் கண்ணாடியும் வருது. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டாங்க."

மே 19

ஒளிந்திருக்கும் அந்த வாய்க்காலுக்கு எம்.பி. டூ என்று பெயராம். ஒரு எம்.பி.யே தொகுதிப் பக்கம் தலைகாட்டுவதில்லை. இதில் ரெண்டாவது எம்.பி. வேறு.

மே 25

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஊசி போட்டது தெரியவில்லை. கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவும் இல்லை. பிறகு, "டேம் மாட்டிக்கலாம்" என்றார். டேமா? பல்லைச் சுற்றி ஒரு நீல ரப்பர் விரிப்பு. அந்த ஒரு பல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. எச்சில் உள்ளே வராது, மருந்து தொண்டைக்குள் போகாது. எனக்கு மேட்டூர் ஜோக் ஒன்று நல்லதாகத் தோன்றியது. சொல்ல வாய் இல்லை.

தலைக்கு மேலே மைக்ராஸ்கோப். அது பார்ப்பதெல்லாம் எதிரே டிவியில் தெரிகிறது. என் பல்லின் உள்பக்கம் ஒரு வறண்ட குளம் மாதிரி இருந்தது. தொப்பியைக் கழற்றி, பழைய அடைப்பை நூல் நூலாக இழுத்து எடுத்தார். மூன்று குழி தெரிந்தது. மூன்றும் சுத்தம். நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை. போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அவசரப்படவில்லை. கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். வேலை பார்க்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு இவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"டிவியைப் பாருங்க சார். சுவரெல்லாம் வெளுப்பா இருக்கும், தரை கறுப்பா இருக்கும். தரையில ஒரு கோடு ஓடுது பாருங்க, ஒரு கெனால் வாய்லேர்ந்து அடுத்த கெனால் வாய்க்கு. இந்தக் கோடு இங்க முடிஞ்சிருக்கணும். முடியல. இன்னும் கொஞ்சம் போகுது. காரணம் இல்லாமப் போகாது."

அந்தக் கோட்டோடு போனார். லேசாகச் சுரண்டுவார், நிறுத்துவார், கழுவுவார், பார்ப்பார். அவசரப்பட்டால் தரை ஓட்டையாகிவிடும், அப்புறம் பல்லைக் காப்பாற்ற முடியாது என்றார். கழுத்தை ஒரே பக்கம் சாய்த்தபடி அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குத்தான் கழுத்து வலித்தது.

கடைசியாக ஒரு மருந்துத் தண்ணீரை நிரப்பிவிட்டுக் காத்திருந்தார். அழுக்கு இருக்கிற இடத்தில் அது பொங்குமாம். தரை சும்மா இருந்தது. பிறகு கோடு முடிகிற இடத்தில் ஒரே ஒரு குமிழ். அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

"வந்துட்டீங்களா" என்றார் டாக்டர், அந்தப் பல்லைப் பார்த்து, ரொம்ப மெதுவாக.

அந்த மருந்து நெடிக்கு என் கண் கலங்கிவிட்டது. ப்ளீச்சிங் பவுடர் வாடை.

உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடியிருக்கிறார். ரெண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது, நனைந்துகொண்டே பஸ் ஏறினேன். நல்ல வேலை பார்க்கிற ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தால் மனசு எப்படி லேசாகிவிடுகிறது. மங்கையிடம் ராத்திரிச் சாப்பாடு வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். "உங்க பல்லைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே" என்றாள்.

மே 27

ஆலங்கோட்டகம் பக்கம் வேறு வேலை இருந்தது. அப்படியே மதகையும் பார்த்துவிட்டு வந்தேன். என்ன வேலை என்று மங்கை கேட்டாள். ஆபீஸ் விஷயத்தையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மழை பெய்து வெயில் காய்ந்திருந்தது. வயல் முழுக்க வெளுத்துக் கிடந்தது. முதலில் அடுத்த ஊர் வயலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், தண்ணீர் நன்றாக ஏறுகிற வயல் எப்படி இருக்கும் என்று. பிறகு மதகின் மேல் ஏறிச் சும்மா நின்றேன். டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடித்தான்.

மூன்று வாய்க்கால் தெரிந்தது. மூன்றாவது, செந்தாமரை அம்மாவின் வயலுக்குப் பக்கத்திலேயே போகிறது, ஆனால் பள்ளத்தில் போகிறது. அதிலிருந்து எத்தனை வாரினாலும் மேட்டில் ஏறாது. இதை நான் முன்பே பார்த்திருக்கலாம். வெயில் அதிகம், ஜீப்பிலேயே இருந்திருப்பேன்.

அப்புறம்தான் அந்தக் கோடு கண்ணில் பட்டது. வெளுத்த மண்ணில் ஈரம் காயாமல் கறுப்பாக ஒரு வரி. அதன் மேல் கோரை பச்சையாக நிற்கிறது, பக்கத்தில் எங்கேயும் கோரை இல்லை. மதகுக்கு அந்தாண்டை மண்டிக் கிடக்கும் காட்டாமணக்குப் புதரில் கிளம்பி, வண்டிப்பாதையில் மறைந்து, மறுபடி தெரிந்து, மேட்டை ஒட்டியே போகிறது. நேராக அந்த அம்மாவின் வயலுக்கு.

காரணம் இல்லாமல் போகாது.

மே 28

நம் ரெக்கார்டில் மதகுக்கு மூன்று கண்தான், அதாவது தண்ணீர் போகிற திறப்பு மூன்றுதான். நான்கு கண் உள்ள மதகு அங்கே இல்லை என்றார்கள் ஆபீஸில். இதுவும் எக்ஸ்ரே மாதிரிதான் என்றேன். யாருக்கும் புரியவில்லை.

ஜூன் 2

புதரை வெட்டியாகிவிட்டது. ஜேசிபிக்காரர் ஒரே வாரில் அள்ளிவிடுகிறேன் என்று துடித்தார். வேண்டாம், மண்வெட்டிதான் என்றேன். பழைய செங்கல் கட்டு, அவசரப்பட்டால் தரை ஓட்டையாகிவிடும். "எந்தத் தரை சார்" என்று கேட்டார்.

செந்தாமரை அம்மா தானும் மண்வெட்டியோடு வந்து நின்றார். சுரண்டினோம், நிறுத்தினோம், பார்த்தோம். மத்தியானத்துக்கு மேல் செங்கல் தட்டியது. வளைவான கண், உள்ளே வண்டலும் வேரும் கெட்டித்துப் போயிருந்தது. யார் காலத்துக் கட்டு என்று தெரியவில்லை.

"வந்துட்டீங்களா" என்று என் வாயில் வந்தது.

"நான் காலையிலேர்ந்து இங்கதாங்க சார் நிக்கிறேன்" என்றார் செந்தாமரை அம்மா.

ஜூன் 8

தஞ்சாவூர். வீக்கம் இல்லை, தட்டினால் வலி இல்லை. நான்கு கெனாலையும் நுனி வரைக்கும் அடைத்தார். கறுப்புத் திட்டில் எலும்பு வளர மாசக்கணக்கில் ஆகுமாம், ஆறு மாசம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் ஜெயித்தோம் என்று சொல்வாராம்.

செல்போனில் மதகுப் போட்டோவைக் காட்டினேன். கோடு, கோரை, நாலாவது கண். கையுறையைக் கழற்றிவிட்டுப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்த பேஷன்ட் காத்திருந்தார், அதை மறந்துவிட்டார் போல.

"இதைக் கிளாஸ்ல காட்டலாமா சார்? காலேஜ்ல பாடம் எடுக்கிறேன். பசங்களுக்கு இந்தக் கோட்டைப் புரிய வைக்கப் படாதபாடு படுறேன்."

காட்டிக்கொள்ளுங்கள் என்றேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

ஜூன் 12

மேட்டூர் திறந்தாயிற்று. நாலாவது வாய்க்காலில் வண்டிப்பாதைக்கு அடியில் குழாய் போடும் வேலை நடக்கிறது. இதற்கு அனுமதி வாங்க நான் நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதினால் டைரி போதாது.

ஜூன் 16

கல்லணை திறந்தார்கள். சரியாகத் தூக்கம் இல்லை. பல் வலி இல்லை.

ஜூன் 24

புதுத் தொப்பி மாட்டினார். கடித்துப் பார்க்கச் சொல்லி ஒரு நீலத் தாள் கொடுத்தார். உசரமா இருக்கா, இடிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தார். சரியாக இருக்கிறது என்றேன். விடவில்லை. "மரியாதைக்குச் சொல்லாதீங்க சார். இன்னும் எங்கயாவது வலிக்குதா?"

கொஞ்சம் இடித்தது. சொன்னேன். உடனே மறுபடி உட்கார்ந்து தேய்த்தார். முகத்தில் அலுப்பே இல்லை, இன்னும் சொன்னால் சந்தோஷமாக இருந்த மாதிரிதான் தெரிந்தது.

வீட்டில் மங்கை சீடை செய்து வைத்திருந்தாள். வலது பக்கம் போட்டுக் கடித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சத்தம்.

ஜூலை 3

தண்ணீர் காலையில் மதகுக்கு வந்தது. மூன்று கண்ணிலும் எப்போதும்போல இறங்கியது. நாலாவதில் பலகையைத் தூக்கினோம். கலங்கலாகக் கொஞ்சம் நுழைந்து, காய்ந்த தரையைக் குடிக்க விட்டு, அங்கேயே நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் கரையில் நின்றார்கள். கொழுந்தனாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழாயைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடிப் பார்த்தேன். வறண்ட மண். என் மானம் மட்டும் என்றால் பரவாயில்லை, அந்த அம்மாவின் வயலே போய்விடும்.

குழாய் வாயில் மண் அசைந்தது. ஒரு குமிழ் வந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் பொலபொலவென்று பொங்கிக்கொண்டு தண்ணீர் வெளியே வந்தது, முன்னால் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு. நாங்கள் அதன் கூடவே நடந்தோம். வயலுக்குள் ஏறியது. நான் அழுதேன், எழுதுவதில் என்ன இருக்கிறது. இங்கே ப்ளீச்சிங் பவுடர் எல்லாம் இல்லை.

கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் உடைப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போனார். குட்டைப் பேச்சு முடிந்தது என்று அதிலேயே தெரிந்தது.

செந்தாமரை அம்மா கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் ஏறாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இன்னும் எங்கயாவது வலிக்குதாம்மா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. என்ன கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கவும் இல்லை. வயலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வடக்கு மூலையில கொஞ்சம் இருக்குங்க சார்."

போட்டோ எதுவும் எடுக்காமல், செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தேன்.

"வாங்க, காட்டுங்க" என்றேன்.